மரவேலியில் வண்ணம் நிற்காதபோது: அறிகுறி வாரியாகக் காரணமும் அடுத்த பூச்சும்

தோட்டத்து மரவேலிக்கு எந்த வண்ணப் பூச்சு நீடித்து உழைக்கும் என்ற கேள்வி, பெரும்பாலும் முன்பு பூசியது உரிந்தோ வெளிறியோ போன பிறகுதான் எழுகிறது. உடனே வேறொரு டப்பாவை வாங்கி வருவதற்கு முன் வேலியின் அருகில் நின்று அரை மணி நேரம் பார்ப்பது நல்லது. இனி எதை வாங்க வேண்டும் என்பதைக் கெட்டுப்போன பூச்சே காட்டிக் கொடுத்துவிடும். வேலிகளைத் திரும்பத் திரும்பச் சீர்செய்து வந்ததில் நான் கண்டது இதுதான்: பழுதுகளில் பெரும்பகுதி பூச்சின் தரக்குறைவால் வருவதில்லை, ஈரம் காயாத மரத்தின் மேலோ, வெயிலில் நைந்துபோன மேற்பரப்பின் மேலோ பூசியதாலும், வேலிக்குப் பொருந்தாத வகையைத் தேர்ந்தெடுத்ததாலும்தான் வருகிறது.

வகைகளை மட்டும் முதலில் பிரித்துக்கொள்வோம். மரத்துக்குள் இறங்கி, இழையோட்டம் தெரியும்படி நிறமேற்றுவது ஊடுருவும் ஸ்டெயின். இழையோட்டத்தை மறைத்து, ஆனால் மரத்தின் சொரசொரப்பை விட்டுவைப்பது மூடும் ஸ்டெயின். மேலே தடித்த ஏடாகப் படிவது பெயின்ட். வெளிப்புற எனாமலும் வெளிப்புற எமல்ஷனும் இதில் அடங்கும். நிறமில்லாத எண்ணெய், வார்னிஷ் ஆகியவை வேறு வகை. அவற்றைப் பற்றி நிறம் வெளிறும் பகுதியில் சொல்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

கூர்முனைக் கத்தி ஒன்று, ஸ்க்ரூடிரைவர் ஒன்று, அழுத்தமாக ஒட்டும் டேப், ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு கறுப்புத் துணி, வீட்டு உபயோக பிளீச் திரவம் கொஞ்சம், இவை போதும். ஊசிமுனை கொண்ட ஈரமானி கிடைத்தால் இன்னும் நல்லது.

வேலியில் பழைய பெயின்ட் அடுக்கடுக்காக இருந்து, அது எப்போது பூசியது என்று தெரியவில்லையென்றால், சுரண்டவோ உப்புத்தாள் போடவோ தொடங்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூள் குழந்தைகளுக்குக் கடுமையான தீங்கு செய்யும், தோட்ட மண்ணிலும் கலந்து தங்கிவிடும். முதலில் ஒரு சில்லை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். ஈயம் இருப்பது உறுதியானால் அந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவரைத்தான் அழைக்க வேண்டும். அதேபோல, அழுகாமலிருக்க மருந்தேற்றிப் பதப்படுத்திய பழைய மரங்களில் ஆர்செனிக் கலந்த பதப்பொருள் இருந்திருக்கலாம். அத்தகைய பலகைகளைத் தேய்த்துத் தூளாக்கவும் கூடாது, கழித்த துண்டுகளை எரிக்கவும் கூடாது.

## அறிகுறி 1: பூச்சு ஏடு ஏடாக உரிகிறது

உரிந்து தொங்கும் ஏடு ஒன்றைப் பிய்த்து எடுத்து, அதன் பின்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முன்புறத்தில் தெரியாத காரணம் பெரும்பாலும் பின்புறத்தில் தெரியும்.

### பின்புறத்தில் சாம்பல் நிற மர இழைகள் ஒட்டியிருந்தால்

பூச்சு மரத்தை விடவில்லை. மரத்தின் மேல்தோல்தான் உள்மரத்தை விட்டுவிட்டது. வெறும் மரம் வெயிலில் சில வாரங்கள் நின்றாலே அதன் மேற்பரப்பு நைந்து, பூச்சுக்குப் பிடிமானம் தராத நிலைக்கு வந்துவிடுகிறது. புதிய வேலியை நட்டுவிட்டு, பூச்சு வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் விட்டவர்களின் வேலியில் இதைத்தான் காண முடிகிறது. உரிந்தவற்றைச் சுரண்டிவிட்டு, 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் இழையோட்டத்தின் திசையிலேயே தேய்த்து, பழைய சாம்பல் நிறம் போய்ப் புதுமரத்தின் நிறம் தெரியும் வரை வர வேண்டும். தூளைத் துடைத்த பின் அடுத்த சில நாட்களுக்குள் பூசிவிட வேண்டும்.

### பின்புறம் வழுவழுப்பாக, சுத்தமாக இருந்தால்

பூச்சு மரத்துக்குள் பிடிக்கவே இல்லை என்று பொருள். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. இழைப்புளியிலோ இயந்திரத்திலோ மிக வழுவழுப்பாக இழைத்த பலகையாக இருக்கலாம். அப்படியானால் உப்புத்தாளால் சற்றுச் சொரசொரப்பாக்கினால் போதும். மரத்தின் மேல் மெழுகோ தண்ணீரை விலக்கும் பழைய எண்ணெயோ இருக்கலாம். தண்ணீர்த்துளி வைத்தால் உருண்டு நிற்பதைக் கொண்டு இதை அறியலாம். மூன்றாவது, பூசிய நேரத்தில் மரம் ஈரமாக இருந்திருக்கலாம். பதப்படுத்திய மரம் பட்டறையிலிருந்து நேராக வரும்போது உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும். மரத்தின் தடிப்பையும் பருவத்தையும் பொறுத்து அது காய வாரக்கணக்கிலும் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். ஈரமானியில் 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் தயங்காமல் பூசலாம். 20 சதவீதத்தைத் தாண்டினால் எந்தப் பூச்சையும் பூசக் கூடாது. ஈரமானி இல்லாதவர்கள், பலகையின் மேல் சில துளி தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம். சில நிமிடங்களில் உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுத்தால் மரம் பூச்சை ஏற்கும். பத்து நிமிடம் கழித்தும் துளி துளியாகவே நின்றால் ஏற்காது.

இந்தக் காரணத்துக்கும் மேலே சொன்ன வெயில் காரணத்துக்கும் இடையில் ஒரு முரண் இருப்பதுபோலத் தோன்றும்: காய விட வேண்டும், ஆனால் வெயிலில் நைய விடக் கூடாது. பலகைகளை நடுவதற்கு முன்பே நிழலில், இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கிக் காயவைத்து, நான்கு பக்கமும் முனைகளிலும் ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டு நடுவதுதான் இதற்குத் தீர்வு. நட்ட பிறகு பலகைக்கும் குறுக்குச்சட்டத்துக்கும் இடையில் பிரஷ் நுழையாது; தண்ணீர் நுழையும்.

### பின்புறத்தில் முந்தைய நிறம் தெரிந்தால்

புதிய பூச்சு பழைய பூச்சோடு ஒட்டவில்லை. பழையது தூளாக உதிரும் நிலையில் இருந்திருக்கலாம்; கறுப்புத் துணியால் அழுத்தித் துடைத்தால் வெள்ளைத் தூள் படிவதைக் காணலாம். பளபளப்பான எனாமலின் மேல் தேய்க்காமல் அப்படியே அடித்திருக்கவும் கூடும். தேய்த்துக் கழுவிக் காயவைத்த பின், நன்றாக இருப்பதாகத் தோன்றும் இடத்தில் கத்தியால் பெருக்கல் குறிபோலக் கீறி, அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே வீச்சில் இழுத்துப் பாருங்கள். டேப்போடு சில்லுகள் வந்தால் மேலே பூசுவது வீண். எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். எதுவும் வராவிட்டால் உரிந்த இடங்களை மட்டும் சீர்செய்து, பிரைமர் (அடிப்பூச்சு) கொடுத்துப் பூசலாம்.

### பலகைகளின் முனைகளில் மட்டும் உரிந்தால்

வெட்டுமுனை வழியாக மரம் குடிக்கும் தண்ணீர், அகலப் பக்கம் வழியாகக் குடிப்பதைப் போலப் பல மடங்கு. முனைகளைக் காயவைத்து, பூச்சு உறிஞ்சப்படுவது நிற்கும் வரை இரண்டு மூன்று முறை கொடுக்க வேண்டும். பதப்படுத்திய மரத்தை வேலை நடக்கும் இடத்தில் அறுத்திருந்தால், அறுத்த முகத்துக்குப் பதப்பொருளைத் தனியாகத் தடவிக் காய்ந்த பிறகே வண்ணம் பூச வேண்டும். கம்பங்களின் தலையில் உலோகத் தொப்பியோ சரிவான மரத் தொப்பியோ வைத்தால் செலவு சிறிது, பயன் பெரிது.

## அறிகுறி 2: கொப்புளங்கள் எழுகின்றன

கொப்புளம் எப்போது வந்தது என்பதுதான் முதல் கேள்வி. பூசிய அன்றோ மறுநாளோ வந்திருந்தால் வெயில் காரணமாக இருக்கும்: சூடேறிய பலகையின் மேல் பூசியதால், மேலே சட்டென்று தோல் கட்டி, அடியில் சிக்கிய கரைப்பான் ஆவியாகிப் பூச்சைத் தூக்கியிருக்கும். அடர்நிறங்களில் இது அதிகம். கொப்புளங்களைச் சுரண்டித் தேய்த்து, நிழல் பக்கம் நகரும்போது அதைத் தொடர்ந்து போய்ப் பூசினால் திரும்ப வராது.

வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து, குறிப்பாக மழைக்குப் பின் வந்திருந்தால், ஒரு கொப்புளத்தைக் கத்தி முனையால் கீறித் திறந்து பாருங்கள். அடியில் வெறும் மரம் தெரிந்தால், அதிலும் அது ஈரமாக இருந்தால், மரத்துக்குள்ளிருந்து வெளியேறும் தண்ணீர் பூச்சைத் தள்ளுகிறது. அடியில் பழைய பூச்சு தெரிந்தால், அறிகுறி 1இல் சொன்ன ஒட்டாத பூச்சின் கதைதான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை எளிமையானதிலிருந்து தேடுங்கள். வேலியைத் தொட்டு வளரும் செடி கொடிகளை வெட்டி, காற்று புகும் இடைவெளி விடுங்கள். தெளிப்பான் வேலியின் மேல் நீரடிக்கிறதா என்று பாருங்கள். வேலியின் அடியில் மண்ணோ இலைக்குப்பையோ குவிந்து பலகையைத் தொட்டால் அகற்றுங்கள். பின்பக்கம் பூசாமல் விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்த வேலியில் மழைநீர் பின்னால் புகுந்து முன்னால் வெளியேறப் பார்க்கும், வழியில் இருக்கும் பெயின்ட்டைத் தூக்கிவிடும். இவை அனைத்தையும் செய்தும் கொப்புளம் வந்தால், அந்த வேலிக்குப் பெயின்ட் பொருந்தவில்லை என்று ஏற்றுக்கொண்டு, பெயின்ட்டை முழுவதும் எடுத்து ஊடுருவும் ஸ்டெயினுக்கு மாறுவதுதான் செலவு கூடிய, ஆனால் நிலையான தீர்வு.

## அறிகுறி 3: நிறம் வெளிறுகிறது, மரம் சாம்பலாகிறது

### நிறமில்லாத பூச்சாக இருந்தால்

இதில் சோதிக்க எதுவும் இல்லை. வெயிலின் புறஊதாக் கதிரை மறிப்பது நிறமி. நிறமி இல்லாத எண்ணெயோ வார்னிஷோ தண்ணீரைக் கொஞ்ச காலம் தடுக்குமே தவிர, வெயிலை நீண்ட காலம் தடுக்காது. திறந்த வெளியில் நிற்கும் வேலியில் அவை ஓரிரு ஆண்டுகளில் தோற்றுப்போவது வழக்கம். மரத்தின் இயல்பான அழகு மறைந்துவிடுமே என்று நிறமியைத் தவிர்க்கிறவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் மெல்லிய பழுப்பு நிறமி கலந்த ஊடுருவும் ஸ்டெயினில் இழையோட்டம் தெளிவாகவே தெரியும். வெறும் எண்ணெய் பூசிய மரத்தில் இரண்டாம் ஆண்டு தெரிவது சாம்பல்தான்.

### நிறமிப் பூச்சாக இருந்தும் வெளிறினால்

வெயில் படும் பக்கம் மட்டும் வெளிறியிருந்தால் நிறத் தேர்வைப் பாருங்கள். காவி, செங்காவி, மஞ்சள் காவி, பழுப்பு ஆகிய இரும்பு ஆக்சைடு நிறங்களும், கரியிலிருந்து வரும் கறுப்பும் வெயிலுக்கு அசையாதவை. கண்ணைப் பறிக்கும் சிவப்பு, மஞ்சள், ஊதா நிறங்களில் கரிம நிறமிகள் பல பயன்படுவதால், அவை முதலில் மங்குவது இயல்பு. அத்தகைய நிறம்தான் வேண்டுமென்றால் மூடும் ஸ்டெயினில் வாங்கி இரண்டு கோட் கொடுங்கள்.

எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெளிறியிருந்தால், பூசும்போது டப்பாவின் அடியில் தங்கிய நிறமியைக் கலக்காமல் மேல்திரவத்தை மட்டும் பூசியிருக்கலாம். ஊடுருவும் ஸ்டெயினில் நிறமி வேகமாக அடியில் படியும். தொடங்கும்போது மட்டுமல்ல, வேலை நடக்க நடக்கக் கால்மணிக்கு ஒருமுறை தட்டையான குச்சியால் அடியைத் தொட்டுக் கிளற வேண்டும். இன்னொரு காரணம் ஆயுள் முடிந்திருப்பது. வழுவழுப்பாக இழைத்த பலகையில் ஊடுருவும் ஸ்டெயின் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் நிற்கும். அறுத்தபடியே சொரசொரப்பாக விட்ட பலகை இருமடங்கு வரை பூச்சைக் குடிப்பதால் கூடுதல் காலம் நிற்கும். மூடும் ஸ்டெயின் இதைவிடச் சில ஆண்டுகள் அதிகம் தாங்கும். அதனால், புது வேலிக்குப் பலகை வாங்குபவர்களுக்கு என் கருத்து: இழைக்காத பலகையையே வாங்குங்கள், அதில் காசும் குறைவு.

ஊடுருவும் ஸ்டெயின் வெளிறியதைச் சீர்செய்வது எல்லாப் பழுதுகளிலும் எளியது. மென்மையான பிரஷாலும் சோப்பு நீராலும் கழுவி, காயவிட்டு, ஒரு கோட் கொடுத்தால் முடிந்தது. சுரண்டல் இல்லை. அதிவேக நீர்ப்பீச்சியைக் கொண்டு கழுவுவோர் அழுத்தத்தைக் குறைத்து, முனையைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். நெருங்கிப் பிடித்தால் மெல்லிய இழை கிழிந்து மரம் பஞ்சுபோல எழும்பிவிடும், தண்ணீரும் உள்ளே போய்விடும்.

## அறிகுறி 4: கறைகள் தெரிகின்றன

கறையின் நிறம் பாதிக் கதையைச் சொல்லும். மீதிக்குச் சோதனை வேண்டும்.

### கறுப்புப் புள்ளிகள் சிதறலாக இருந்தால்

ஒரு புள்ளியின் மேல் ஒரு துளி பிளீச் வைத்து ஓரிரு நிமிடம் காத்திருங்கள். கறுப்பு வெளுத்தால் பூஞ்சை. வெளுக்காவிட்டால் அழுக்கோ இரும்புக்கறையோ. பூஞ்சையானால், ஒரு பங்கு வீட்டு உபயோக பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துத் தடவி, கால்மணி நேரம் விட்டு, மென்மையாகத் தேய்த்து நன்றாகக் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, அருகிலுள்ள செடிகளை முன்னதாகத் தண்ணீர் தெளித்து மூடிவைக்க வேண்டும். பிளீச்சோடு அம்மோனியா உள்ள எந்தத் துப்புரவுத் திரவத்தையும், எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு எழும்.

பூஞ்சையைக் கொல்லாமல் அதன் மேலேயே பூசினால் அது புதிய பூச்சைத் துளைத்துக்கொண்டு வரும். ஆளிவிதை எண்ணெயைத் தனியாகப் பூசிய வேலியில் இது மிக விரைவாக வரும், ஏனெனில் அந்த எண்ணெயே பூஞ்சைக்கு உணவு. அடுத்த முறை பூஞ்சைத் தடுப்பான் சேர்ந்த ஸ்டெயினாகப் பார்த்து வாங்குங்கள்.

### நீலம் கலந்த கறுப்பு, ஆணியைச் சுற்றியோ ஆணிக்குக் கீழே வழிந்தோ இருந்தால்

இரும்பும், மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்கும் கறை. ஓக், சீடர், தேக்கு போன்ற மரங்களில் கடுமையாக இருக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் சுமார் 100 கிராம் ஆக்சாலிக் அமிலத்தைக் கரைத்து, ஆறிய பின் தடவி, கறை மறைந்ததும் பலமுறை நீர்விட்டுக் கழுவினால் போகும். இது விஷப்பொருள், கையுறை இன்றித் தொடக் கூடாது, தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. முன்பே பிளீச் பயன்படுத்தியிருந்தால், அதை முழுவதும் கழுவிக் காயவிட்ட பின் வேறொரு நாளில்தான் இதைக் கையில் எடுக்க வேண்டும். சாதாரண இரும்பாணியை மாற்றாமல் விட்டால் கறை மறுபடி வரும். துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ, அல்லது உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த ஆணி போட வேண்டும். பழைய ஆணியின் தலையைத் தட்டி உள்ளிறக்கி, பிரைமர் தொட்டு, வெளிப்புறப் பட்டியால் (புட்டியால்) மூடுவது அடுத்த நிலைத் தீர்வு.

### செம்பழுப்பு நிறம் பூச்சின் வழியாகக் கசிந்தால்

வெளிர்நிறப் பூச்சில் இது பளிச்சென்று தெரியும். கணுக்களைச் சுற்றி மட்டும் வட்டமாக இருந்தால் பிசின். பலகை முழுவதும் மேகம்போலப் பரவியிருந்தால் டானின். கெட்டிப்பட்ட பிசினைச் சுரண்டி, மினரல் டர்பன்டைனால் (பெயின்ட் கரைப்பான்) துடைத்து, கணுவின் மேல் ஷெல்லாக் (அரக்கு) அடிப்படையிலான அடைப்புப் பூச்சைக் கொடுத்த பின் வண்ணம் பூசுங்கள். டானினுக்குக் கறைதடுப்புப் பிரைமர் உண்டு. அதற்கு மேல்தான் வெள்ளையும் இளமஞ்சளும் நிற்கும். பிசின் நிறைந்த மரத்தில் அடர்நிறம் பூசினால், சூடேறிப் பிசின் வெளியே வந்துகொண்டே இருக்கும். அந்த மரத்துக்கு நடுத்தரப் பழுப்பைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

### பச்சையோ வெள்ளையோ படிந்தால்

பச்சையாக இருப்பது பாசி. தேய்த்துக் கழுவி, நிழலைக் குறைத்தால் போதும். தெளிப்பான் எட்டும் உயரம் வரை மட்டும் வெள்ளை படிந்திருந்தால் கடினநீரின் உப்பு. நீர்த்த வினிகரால் துடைத்துக் கழுவி, தெளிப்பானின் முனையைத் திருப்பிவிடுங்கள்.

## அறிகுறி 5: நாட்கள் கடந்தும் காயாமல் பிசுபிசுக்கிறது

பெரும்பாலும் ஊடுருவும் ஸ்டெயினை அளவுக்கு மீறிப் பூசியதுதான் காரணம். மரம் குடித்தது போக மிஞ்சியது மேலே பசையாகத் தங்குகிறது. டப்பாவில் ஒரு கோட் என்று எழுதியிருக்க, இரண்டு கொடுத்தால் நீடிக்கும் என்று எண்ணிச் செய்வோர் பலர். இந்த வகையில் கூடுதல் என்பது நன்மை அல்ல. மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால் மிகுதி வந்துவிடும். பூசும்போதே, கால்மணியிலிருந்து இருபது நிமிடத்துக்குள் உறிஞ்சப்படாமல் பளபளக்கும் இடங்களைத் துடைத்துவிடுவது முறை.

துடைத்த துணிகளை உருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய் நனைந்த துணி குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். திறந்த வெளியில் விரித்துக் காயவைத்தோ, தண்ணீர் நிரம்பிய உலோக டப்பாவில் மூழ்கடித்து மூடியோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

மிகுதியாகப் பூசாமலும் பிசுபிசுத்தால், குளிரிலோ அந்திப் பனி இறங்கும் நேரத்திலோ பூசப்பட்டதா என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான பூச்சுகள் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே சரியாகக் காய்வதில்லை. சில வெயில் நாட்கள் காத்திருந்தால் இது தானாகச் சரியாகலாம். அதற்கும் அசையாவிட்டால் துடைத்தெடுத்துப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

## அறிகுறி 6: நிறம் திட்டுத் திட்டாக இருக்கிறது

நிற்கும் பலகைகளின் குறுக்கே ஒரே உயரத்தில் பட்டை பட்டையாக அடர்நிறம் தெரிந்தால், பாதி காய்ந்த விளிம்பின் மேல் மறுபடி பூசியிருக்கிறார்கள். ஒரு பலகையைத் தலையிலிருந்து அடிவரை முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நிறம் மாறியிருந்தால் டப்பாக்களின் நிறம் மாறியிருக்கும். எல்லா டப்பாக்களையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்து பூசினால் இது வராது. ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு விதமாகத் தெரிந்தால் அது மரத்தின் இயல்பு. வேறுவேறு வயதுள்ள பலகைகள் கலந்த வேலியில் தவிர்க்க முடியாது. அங்கே ஊடுருவும் ஸ்டெயினை விட்டு, அதே நிறத்தில் மூடும் ஸ்டெயின் ஒரு கோட் கொடுத்தால் சீராகும்.

## அறிகுறி 7: அடிப்பகுதி கறுத்து, தொட்டால் மெத்தென்று இருக்கிறது

இது பூச்சின் பழுதல்ல. எந்த வண்ணமும் இதைச் சரிசெய்யாது. மேலே பூசினால் அழுகல் மறையும், சீர்செய்வது இன்னும் ஓராண்டு தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கம்பம் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் மண்ணை ஒரு சாண் தோண்டி, ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பல பக்கமும் குத்துங்கள். நல்ல மரத்தில் முனை சற்றே பதிந்து நிற்கும். நெம்பினால் நீளமான சிம்பு எழும்பும். அழுகிய மரத்தில் முனை தடையின்றி இறங்கும், நெம்பினால் சிறு துண்டாகப் பொலபொலவென்று உடையும். மேற்பரப்பு மட்டும் மென்மையாக இருந்து உள்ளே கெட்டியாக இருந்தால், நைந்ததைச் சுரண்டிக் காயவைத்து, பதப்பொருள் தடவி, மண்ணை விலக்கி வைக்கலாம். பலகையின் அடி மட்டும் கெட்டிருந்தால், நல்ல மரம் வரும் வரை நேராக அறுத்து, மண்ணுக்கும் பலகைக்கும் ஐந்து சென்டிமீட்டராவது இடைவெளி விட்டு, கீழே தனியாக மாற்றக்கூடிய பதப்படுத்திய கிடைப்பலகை ஒன்றைப் பொருத்துங்கள். கான்கிரீட்டில் நட்ட கம்பத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால், கான்கிரீட்டின் மேல்முகம் கம்பத்திலிருந்து வெளிப்புறமாகச் சரியும்படி கட்டுங்கள்.

வல்லுநரை அழைக்க வேண்டிய இடங்கள் இங்கேதான் அதிகம். கம்பத்தை ஆட்டும்போது தரைமட்டத்தில் மரமே வளைந்தால் அதை மாற்றியாக வேண்டும். அடுத்தடுத்து இரண்டு மூன்று கம்பங்கள் அப்படியிருந்தால், அல்லது அந்த வழியாக மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ மண்ணுக்கடியில் போவதாகச் சந்தேகம் இருந்தால், நீங்களே தோண்ட வேண்டாம். கம்பத்தின் மேல் மண்ணாலான சுரங்கப் பாதைகள் ஏறியிருந்தால் கரையான். பூச்சி ஒழிப்பு வல்லுநர் வந்து வீட்டின் அடித்தளத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் வேலியில் கைவைக்க வேண்டும். வேலி இரு வீட்டுக்குப் பொதுவான எல்லையில் நின்றால், கம்பத்தை மாற்றுவதற்கு முன் அடுத்த வீட்டாரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

## இனி எதைப் பூசுவது

நீங்கள் கண்ட அறிகுறியிலிருந்தே பதில் வரும். வேலி வெறும் மரமாகவோ ஊடுருவும் ஸ்டெயின் தேய்ந்த நிலையிலோ இருந்தால், இரும்பு ஆக்சைடு நிறங்களில் பூஞ்சைத் தடுப்பான் சேர்ந்த ஊடுருவும் ஸ்டெயினைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். பெயின்ட் அதைவிட நீண்ட காலம் நிற்கும் என்பது உண்மை. பிரைமரோடு நன்றாகப் பூசியது பத்தாண்டை எட்டவும் கூடும். ஆனால் வேலி நான்கு பக்கமும் நனைவது, மண்ணருகே நிற்பது, எண்ணற்ற வெட்டுமுனைகள் கொண்டது. பெயின்ட் ஒருநாள் உரியத்தான் செய்யும், அன்று ஒவ்வொரு பலகையையும் சுரண்ட வேண்டியிருக்கும். ஊடுருவும் ஸ்டெயின் உரிவதில்லை, தேய்ந்துபோகிறது. மீண்டும் பூசுவது ஒரு நாள் வேலையா, ஒரு வார வேலையா என்பதுதான் இங்கே உண்மையான வேறுபாடு.

ஏற்கெனவே பெயின்ட் அடித்த வேலிக்கு இந்தத் தேர்வு இல்லை. பெயின்ட்டின் மேல் ஊடுருவும் ஸ்டெயின் இறங்காது. டேப் சோதனையில் பெயின்ட் பிடித்து நின்றால் பெயின்ட்டையே தொடருங்கள், அல்லது மூடும் ஸ்டெயின் கொடுங்கள். தோற்றால், முழுவதும் எடுக்கும் கூலியையும், பலகைகளை மட்டும் புதிதாக மாற்றும் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். மெல்லிய பலகை வேலியில் பல வேளைகளில் இரண்டாவதே மலிவாக முடியும். புதுப் பலகைகளும் பழைய பலகைகளும் கலந்து நிற்கும் வேலிக்கு மூடும் ஸ்டெயின் பொருத்தம். நிழலும் ஈரமும் மிகுந்த மூலைக்கு எந்த நிலையிலும் பெயின்ட் வேண்டாம்.

எதை வாங்கினாலும், கண்ணில் படாத ஒரு பலகையைத் தலையிலிருந்து அடிவரை பூசி, சில நாள் விட்டுப் பார்த்த பின் மீதியைத் தொடங்குங்கள். நிற அட்டையில் பார்த்த நிறம் உங்கள் மரத்தின் மேல் அப்படியே வருவதில்லை. டப்பாவின் பெயர், நிற எண், பூசிய மாதம் மூன்றையும் கம்பம் ஒன்றின் உட்பக்கத்தில் எழுதிவையுங்கள். ஸ்டெயின் பூசியிருந்தால், அதன் பிறகு ஆண்டுக்கொரு முறை, மழைக்காலத்துக்கு முன், வெயில் அதிகம் படும் பக்கத்தில் தண்ணீர்த்துளி வைத்துப் பாருங்கள். துளி உருண்டு நின்றால் அந்த ஆண்டு எதுவும் செய்ய வேண்டாம். உள்ளே இறங்கினால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு கோட் கொடுங்கள்; நிழல் பக்கம் இன்னும் ஓரிரு ஆண்டு காத்திருக்கும்.